அத்தையின் ஒல்லி அம்புகள்

மாமியார் எங்கே வீட்டை விட்டுப் போய்விடுவாரோ என்று நடுங்கிய மருமகன் இந்த உலகத்திலேயே ஒருவன்தான். அவன் மெத்தைக் கடை வைத்திருந்தான். இன்னொருவன் இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவன் மனைவி பல் டாக்டர். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்பவள், புருஷனை மட்டும் மூடச் சொல்வாள். அவன் அத்தை என்று கூப்பிடும் அந்த மாமியார் வந்து தங்கிய பிறகுதான் அந்த வீட்டில் அவன் கட்சிக்கு ஒரு ஓட்டு விழ ஆரம்பித்தது. ஏழாவது தடவை சொல்லும் ஜோக்குக்கும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். அப்படிப்பட்ட மனுஷியை யார்தான் விடுவார்கள்?

அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 'கொஞ்சம் காத்திருங்கள்' என்று சொல்லிச் சொல்லியே ரிட்டயரானவர். இனி எதற்கும் காத்திருப்பதில்லை என்று மறுவாரமே வில்வித்தைச் சங்கத்தில் சேர்ந்துவிட்டார். தினமும் சாயங்காலம் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் வில்லும் கையுமாக நிற்பார். குறி என்றால் அப்படியொரு குறி. அவர் நாணை இழுத்தால் எதிரே பறக்கும் ஈ தானாகவே ஒதுங்கி வழிவிடும்.

வினை பிறந்தநாளில் வந்தது. மருமகன் பாசம் பொங்கி, பென்சிலைவிட ஒல்லியான கார்பன் அம்புகள் ஒரு டஜன் வாங்கிக் கொடுத்தான். ஒல்லி அம்பை மைதானத்துக் காற்று அவ்வளவாகத் தள்ளாதாம். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. பழைய தடி அம்புகளை அன்றைக்கே சங்கத்துக்குப் புதிதாக வந்தவர்களிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, புதுசில் ஒன்றை எய்தார்.

தடி அம்பென்றால் குறிக்கு வைத்திருந்த ஃபோம் பலகையில் சமர்த்தாகக் குத்தி உட்காரும். இது ஊசி. பலகை 'யாரது?' என்று கேட்பதற்குள் அந்தப் பக்கம் போய், கீழ்வீட்டுக்காரருடைய தண்ணீர் டிரம்மில் இறங்கிவிட்டது. பீய்ச்சியடித்த தண்ணீரில் தெருவே குளித்தது என்றால் அது பொய். பாதித் தெருதான் குளித்தது.

கீழ்வீட்டுக்காரர்தான் வீட்டுச் சொந்தக்காரர். காலமெல்லாம் பரீட்சை ஹாலில் சூப்பர்வைசராக நடந்தவர். காப்பியடிக்கிறவனை மூச்சுச் சத்தத்தை வைத்தே பிடித்துவிடுவாராம். மருமகன் அன்றே புது டிரம் வாங்கி வைத்தும் அவர் இறங்கி வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் தரேன். அம்பு பலகையைத் தாண்டி வராதுன்னு நிரூபிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா இந்தக் காம்பவுண்டுக்குள்ள வில்லும் கிடையாது, அம்பும் கிடையாது."

மாடியில் அத்தை மெதுவாகப் பேச்சை எடுத்தார். "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. இங்க எய்ய முடியாதுன்னா நான் என் பழைய வீட்டுக்கே போயிடறேன். அங்கேருந்து சங்கம் நடந்து போற தூரம்தான். சும்மா டிவி பார்த்துக்கிட்டு உட்கார என்னால ஆகாது."

"அத்தை! நீங்க போயிட்டா இந்த வீட்டுல எனக்குன்னு யார் இருக்கா?"

"ஏன், நான் இல்லையா?" என்றாள் பல் டாக்டர்.

"அதைத்தானே சொல்றேன்."

அத்தை சிரித்தார். ஆனால் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. அது அவனுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மறுநாள் களத்தில் இறங்கினான். ஃபோம் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவன் நினைப்பு. எதையும் உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்துவான், மேலே ஏறிப் படுப்பான், கண்ணை மூடுவான், தீர்ப்புச் சொல்வான். அப்படித் தீர்ப்புச் சொல்லித் தன் கடையிலிருந்தே ஒரு துண்டு மெமரி ஃபோமைத் தூக்கி வந்து மதில் சுவரில் சாய்த்தான்.

"இது ஞாபகம் வெச்சுக்கற ஃபோம் அத்தை. ஓட்டை விழுந்தா தானா மூடிக்கும். ஆயுசுக்கும் உழைக்கும்."

அத்தை எய்தார். ஃபோமில் ஒரு கீறல்கூட இல்லை. அம்பையும் காணவில்லை. தேடிப் பார்த்தால் பின்னால் மதிலில் மோதி, முனை மழுங்கிக் கீழே கிடந்தது.

"மூடிக்கிச்சு மாப்பிள்ளை. நல்லா வழி விட்டுட்டு, அப்புறம் மூடிக்கிச்சு."

அடுத்து வில்வித்தைச் சாமான் விற்கும் கடை. அங்கேயும் ஒவ்வொரு பலகையாக அழுத்தி, ஒன்றின் மேல் ஏறிப் படுத்தே விட்டான். கடைக்காரர் பதறினார். "சார், அது படுக்கறதுக்கு இல்ல சார்!" கந்தல் அடைத்த மூட்டை ஒன்று மலிவாக இருந்தது. தடி அம்பென்றால் அது வருஷக்கணக்கில் தாங்கும், ஒல்லி அம்பு துணிகளுக்கு நடுவே நுழைந்து போய்விடும் என்று கடைக்காரரே தடுத்துவிட்டார். கடைசியில் இருப்பதிலேயே கெட்டியான ஃபோம் பலகையை வாங்கினான். படுத்துப் பார்த்ததில் முதுகெலும்பு நிமிர்ந்துவிட்டதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பு நின்றது. அப்படி ஒரு நிற்பு! ஆனால் வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மருமகன் இழுத்தான், அத்தை சேர்ந்து இழுத்தார், கிளினிக்கிலிருந்து வந்த மகள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பலகையில் காலை ஊன்றினாள்.

"ஆட்டாதீங்க, நேரா இழுங்க!"

"ஏன், பல்லா இது?"

"பல்லா இருந்தா முதல்ல உங்களுக்கு மயக்க ஊசி போட்டிருப்பேன்."

அம்பு வந்தது. வந்த வேகத்தில் மூவரும் ஒருவர்மேல் ஒருவராகச் சாய்ந்தார்கள். பாய்ந்த சூட்டில் ஃபோம் இளகி, அம்பின் உடம்பெல்லாம் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. அத்தை விடவில்லை. ஒவ்வொன்றாக எய்வார், சோப்புத் துண்டைத் தடவி ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். "நல்ல பலகைதான் மாப்பிள்ளை" என்று அவன் மனசு நோகாமல் சொன்னார்.

ராத்திரி சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரை இடது கையால் எடுத்தார். மகள் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான். இந்தப் பலகை ஏழு தலைமுறைக்கு உழைக்கும், அத்தையின் வலது தோள் ஒரு வாரம் தாங்காது. மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே பலகையோடு போய் வாசலில் நின்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

சனிக்கிழமை தன் கடை குடோனில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தான். மெத்தைகள் லாரியில் உரசாமல் இருக்க நடுவில் வைத்து அனுப்பும் வெள்ளை ஃபோம் ஷீட்டுகள், பட்டை போட்டு இறுக்கி, கட்டுக்கட்டாகக் கிடந்தன. கோபத்தில் கையிலிருந்த மர ஸ்கேலை ஒரு கட்டின் விளிம்பில் ஓங்கிக் குத்தினான். ஸ்கேல் இரண்டு ஷீட்டுகளுக்கு நடுவே பாதி தூரம் போய், அப்படியே நின்றது. பிடித்து இழுத்தான். வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. மறுபடி குத்தினான். மறுபடி நின்றது, மறுபடி வந்தது. வேலைக்காரர்கள் முதலாளிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

இத்தனை வருஷமும் ஃபோமை மேலேயிருந்தே பார்த்துப் பழகியவன். விளிம்புப் பக்கமாகப் பார்க்க அவனுக்குத் தோன்றியதே இல்லை. மெத்தைக்காரனுக்கு எப்படித் தோன்றும்? விளிம்பில் யார் படுக்கிறார்கள்!

அன்றே ஷீட்டுகளைப் பட்டைகளாக அறுத்தான். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழும் கனமான மரப் பலகை வைத்து, நான்கு நீள போல்ட்டுகளால் முடுக்கினான். அம்பு இனி விளிம்பில் நுழையும். ஃபோம் கிழியாது, விலகிக் கொடுத்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் ஒரு செய்தித்தாளோடு வந்தார். அதை விரித்துக் கொடியில் மாட்டி, அடுக்குக்குப் பின்னால் தொங்கவிட்டார். "இதுல ஒரு பொத்தல் விழுந்தாலும் ஃபெயில்."

முதல் அம்பு இறகுவரை புதைந்து நின்றது. காகிதம் லேசாக ஆடியது. அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காகிதத்தை மோப்பம் பிடிக்காத குறையாகப் பார்த்தார்.

"ஓட்டை இல்ல. ஆனா நடுங்கிச்சே?"

"நடுங்கினா குத்தமா சார்?"

"ஹால்ல நடுங்கறவனைத்தான் நான் முதல்ல எழுப்புவேன்."

மருமகன் போல்ட்டுகளை இன்னும் முடுக்கினான். அடுத்த அம்பு அடக்கமாக நின்றது. சூப்பர்வைசர் அசரவில்லை. "இன்னிக்கு நிக்கும். நாள்கணக்குல அதே இடத்துல எய்தா?"

"உட்கார்ந்து பாருங்க" என்று அத்தை அவருக்கு ஒரு நாற்காலியைப் போட்டார்.

அத்தை எய்தார், எய்தார், எய்துகொண்டே இருந்தார். எல்லாம் ஒரே புள்ளியில். மத்தியான வெயில் ஆறி நிழல் நீளும் நேரத்துக்கு நடுப் பட்டைகள் தளர ஆரம்பித்தன. ஒவ்வொரு அம்பும் முந்தையதைவிட ஒரு விரல் ஆழமாகப் போயிற்று. சூப்பர்வைசர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். காகிதம் மறுபடி ஆடியது.

அத்தை வில்லை இறக்கினார். "போதும் மாப்பிள்ளை. நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். விடுங்க, என் வீடு என்ன அடுத்த கண்டத்துலயா இருக்கு?"

 அவன் அடுக்கையே பார்த்தான். நடுவில் பள்ளம், மேலேயும் கீழேயும் புத்தம் புதுசு. இந்தக் கோலத்தை அவன் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான்.

"அத்தை, மெத்தை ஒரே இடத்துல குழி விழுந்துடுச்சுன்னு சண்டைக்கு வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்வேன்?"

"தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்பிப் போடுங்கன்னு சொல்வீங்க. ஏன்?"

அவன் ஸ்பானரோடு பாய்ந்துவிட்டான். போல்ட்டுகளைக் கழற்றி, நடுவிலிருந்த பட்டைகளை அடியில் செருகி, அடியில் சும்மா கிடந்தவற்றை நடுவுக்குக் கொண்டுவந்தான். கண் விழி பிதுங்க மறுபடி முடுக்கினான். "இப்ப எய்யுங்க."

அத்தை நாணை இழுத்தார். 

அம்பு பாதியிலேயே நின்றது. காகிதம் அசையவில்லை. அத்தை நடந்துபோய், சட்டைப்பையிலிருந்து பேனா எடுப்பதுபோல இரண்டு விரலால் அதை உருவினார். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

சூப்பர்வைசர் காகிதத்தைக் கழற்றி ஆகாயத்துக்கு நேரே பிடித்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், பழக்கதோஷத்தில் தலைகீழாகவும் பார்த்தார். எங்கும் ஒரு புள்ளி வெளிச்சம் தெரியவில்லை.

"பாஸ்" என்றார், கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்தவர் குரலில். "ஆனா தினம் வந்து செக் பண்ணுவேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மருமகன் அத்தையின் முகத்தைப் பார்த்தான். போகிறாரா, இருக்கிறாரா? அத்தை சாவகாசமாக அம்புகளைத் துடைத்துக் அம்புக்கூட்டில் செருகினார். அப்புறம் வில்லை அவன் கையில் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, என் ரூம் சுவத்துல ரெண்டு பெரிய ஆணி அடிச்சுக் குடுங்க. எத்தனை காலத்துக்கு இதைக் கட்டிலுக்கு அடியிலேயே வெச்சுக்கிட்டு இருக்கறது?"

அவன் பதில் சொல்வதற்குள் கீழ்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது.

"ஆணியா? என் சுவத்துலயா?"

மருமகன் அதற்குள் சுத்தியலைத் தேடி இரண்டிரண்டு படியாக மாடி ஏறிக்கொண்டிருந்தான்.