அடி தைக்காத கோட்டுப் பை

கடிகாரக்காரரின் மகள் தன் கோட்டுப் பைக்குள் விட்ட நத்தை, ஒரு ராத்திரி ரயில் பயணத் தூரத்தில் இருக்கும் துறைமுக ஊரில், அவள் சித்தப்பா மகனின் கோட்டுப் பையிலிருந்து வெளியே வந்தது. வழியில் அதற்கு எந்தச் சேதமும் இல்லை. கொம்பைக்கூட உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. அன்று இரண்டு ஊரிலும் மழை. சிறுவன் நத்தையை ஜன்னல் விளிம்பில் விட்டு, அதற்கு ஒரு முட்டைக்கோஸ் இலையைக் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தான் பாதி கடித்த பிஸ்கட்டைப் பைக்குள் போட்டான். யாராவது ஏதாவது கொடுத்தால் நாமும் கொடுக்க வேண்டும் என்று அவன் அம்மா பழக்கியிருந்தாள். அப்போது அவனுக்கு நான்கு வயது, அவளுக்கு ஐந்து. அவள் பெயர் வாயாடி. அவன் முன்பல்லைப் பார்த்தவர்கள் அவனை முயல் என்றார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

இரண்டு கோட்டுகளையும் தைத்தவர் அவர்களுடைய அத்தை. பஸ் சீட்டுகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. நகரத்தில் பாதிப் பேர் அவர் தைத்ததன் மேல்தான் உட்கார்ந்து போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு முறை வேலை முடிந்த பிறகு அதே மிஷினில் குழந்தைகளுக்கு ஏதாவது தைப்பார். கடையில் வாங்கிக் கொடுத்தால் அது கடைக்காரன் கொடுத்தது, நான் கொடுத்தது எப்படி ஆகும் என்பது அவர் கட்சி. துணி வாத்து, ஒற்றைக் காது தொங்கும் நாய், மூக்கு வரை இறங்கி வரும் குல்லா என்று பல வந்தன. சீட்டு தைத்த கை என்பதால் வாத்தைச் சுவரில் அடித்தாலும் பிரியாது. வாயாடி அடித்துப் பார்த்திருக்கிறாள்.

அத்தைக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் கடிகாரம் பழுது பார்ப்பவர். தம்பி துறைமுகத்தில் படகு ஏறுகிறவர்களிடம் டிக்கெட் கிழிப்பவர். இவர்களுடைய அப்பா இறந்த அன்று தம்பி ஏறிய ரயில் தாமதமாக வந்தது. அண்ணன் காத்திருக்காமல் அடக்கத்தை முடித்துவிட்டார். நாள் முழுக்கக் கடிகாரங்களோடு இருக்கிறவர், குறித்த நேரம் என்றால் குறித்த நேரம்தான். தம்பி தெருவுக்குள் நுழைந்தபோது எல்லோரும் இடுகாட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர் அண்ணனை ஒரு தடவை பார்த்தார், வீட்டுக்குள்கூடப் போகவில்லை, அடுத்த ரயிலைப் பிடித்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது. வாயாடி அப்போது தொட்டிலில் இருந்தாள், முயல் பிறக்கவே இல்லை. அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் அத்தைதான் தபால்காரி. அவன்கிட்ட சொல்லிடு, அவர்கிட்ட சொல்லிடு என்று கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துப்போனது.

அந்த வருஷம் பச்சைக் கம்பளித் துணியில் கோட்டு தைப்பதென்று முடிவானது. விஷயம் தெரிந்ததும் அண்ணன், “என் பொண்ணுக்கு வெட்டுற துணியில அவன் பையனுக்கு வெட்டாதே” என்றார். மறுநாள் தம்பி போனில் அதையே, பையனையும் பொண்ணையும் இடம் மாற்றிச் சொன்னார். இருவருக்கும் சரி என்று சொல்லிவிட்டு, அத்தை ஒரே துணியை இரண்டாக மடித்துப் போட்டு இரண்டு கோட்டுகளுக்கும் ஒரே வெட்டாக வெட்டினார். வளர்கிற பிள்ளைகள் என்று உள்ளே தாராளமாக மடித்து விட்டார். பைகளைத் தைக்கும்போது மட்டும் மனசு மிஷினில் இல்லை. அண்ணனையும் தம்பியையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மிதித்தார். நடுவில் பாபினில் கீழ்நூல் தீர்ந்துவிட்டது. அப்படித் தீர்ந்தாலும் மேல்நூல் ஓடிக்கொண்டிருக்கும், ஊசி வரிசையாகத் துளை போட்டுக்கொண்டே போகும், பார்த்தால் தைத்தது போலவே இருக்கும். ஆனால் துணியோடு துணி சேராது. தையல் பழகும் முதல் வாரத்தில் எல்லோரும் செய்கிற தவறு. இரண்டு பைகளின் அடியும் அப்படித்தான் போனது. அடி இல்லாத பையில் போட்டது எங்காவது விழுந்துதானே ஆக வேண்டும். ஒன்றில் போட்டது மற்றதில் விழுந்தது.

தம்பி மனைவிதான் முதலில் போன் செய்தாள். “அண்ணி, குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. நீங்க தைச்ச கோட்டுல நத்தை வருது.”

“எந்த ஊரு நத்தை?” என்று கேட்டார் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனால், வாயாடி நத்தையைக் காணவில்லை என்று வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தாள். அத்தை அவள் கோட்டுப் பைக்குள் விரலை விட்டார். அடி திறந்து கிடந்தது. அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷத் தையல்காரி, பட்டறையில் தெரிந்தால் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். ஊசியில் நூலைக் கோத்து உட்கார்ந்தார். அடியைச் சேர்த்துப் பிடிக்க மறுபடி விரலை விட்டபோது ஏதோ ஈரமாக வந்து பட்டது. எடுத்துப் பார்த்தால் பாதி கடித்த பிஸ்கட், அதில் இரண்டு பெரிய முன்பற்களின் தடம். தம்பி சின்ன வயதில் கடித்துவைக்கும் பிஸ்கட்டும் இதே மாதிரிதான் இருக்கும். அத்தை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டார். பிரிந்த தையலைப் பார்த்தும் தைக்காமல் அவர் எழுந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இந்தக் கோட்டுகள் சின்னதாவதற்குள் அவர்கள் இரண்டு பேரும் பேசிவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு போக்குவரத்து சீராக நடந்தது. இங்கிருந்து கோலிக்குண்டு, கோழி இறகு, ஓடாத கைக்கடிகாரத்தின் முள் எல்லாம் போயின. அங்கிருந்து கிளிஞ்சலும் கிழித்த படகு டிக்கெட்டுகளும் வந்தன. கடலே இல்லாத எங்கள் ஊரில், கடிகாரக்காரர் வீட்டுத் துடைப்பம் தினமும் கடற்கரை மணலைக் கூட்டித் தள்ளியது. முயலின் முதல் பல் விழுந்தபோது அதை வாயாடிதான் செடிக்கடியில் புதைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை துறைமுக ஊரில் கோட்டை வாஷிங் மிஷினில் போட, இங்கே ஆணியில் தொங்கிய கோட்டின் பையிலிருந்து சோப்பு நுரை பொங்கிக் கூடம் முழுக்க ஓடியது. அண்ணன் மனைவி கோபத்தில் ஒரு சீட்டு எழுதிப் பைக்குள் போட்டாள். மன்னிப்புக் கேட்டுப் பதிலும் கூடவே தலைவலி மாத்திரையும் வந்தன. இரண்டு மருமகள்களும் சிநேகமானது அப்படித்தான். துவைக்கும் நாளை முன்கூட்டியே சொல்வதென்று பேசிக்கொண்டார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் வீட்டில் மணல் கிடந்தால் அண்ணன் காலை உதறிக்கொண்டு போவார், கோழி இறகு பறந்தால் தம்பி ஜன்னலைச் சாத்துவார். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு. அத்தை வருஷா வருஷம் மடிப்பைப் பிரித்துக் கோட்டுகளைப் பெரிதாக்கிக் கொடுத்தார். நான்காவது வருஷம் பிரிக்க மடிப்பு இல்லை. கைகள் மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டன.

அந்த வருஷம்தான் அண்ணனின் மிகச் சின்ன ஸ்க்ரூ டிரைவர் காணாமல் போனது. முயலின் பொம்மை ரயில் நின்றுவிட்டதாம், வாயாடி கொடுத்தனுப்பியிருந்தாள். அண்ணனுக்கு வேறு எதைத் தொட்டாலும் பொறுக்கும், ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டால் பொறுக்காது. கோட்டை விளக்குக்கு அடியில் வைத்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். தங்கையை வரச் சொன்னார்.

“துளை இருக்கு, நூல் இல்ல. பைன்னா அடி இருக்கணும். தைச்சுக் குடு. இல்லன்னா நானே தைச்சுடுவேன்.”

“தைக்காதீங்கப்பா!” என்று வாயாடி கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “தைச்சா முயல் அந்தப் பக்கமே நின்னுடுவான்.”

அத்தை ஊசியைக் கையில் எடுத்தார். கண்ணில் நீர் முட்டியதால் நூல் கோக்க வரவில்லை. பிறகு ஊசியை மேஜையில் வைத்துவிட்டு, “தைக்கிறேண்ணா. எது வரைக்கும் பிரிஞ்சிருக்குன்னு நீயே கையை விட்டுக் காட்டு” என்றார்.

அண்ணன் கையை விட்டார். குழந்தைக் கோட்டின் சின்னப் பைக்குள் மணிக்கட்டு போனது, முழங்கை வரை போனது. அங்கே துறைமுக ஊரில், நாற்காலி முதுகில் போட்டிருந்த கோட்டிலிருந்து ஒரு கை நீண்டு தம்பியின் டீயைத் தட்டிவிட்டது. தம்பி கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் நுனியில் கோணியிருந்தது. சின்ன வயதில் அந்த விரலை அலமாரிக் கதவில் வைத்து நசுக்கியது தம்பிதான். நானே நசுக்கிக்கிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னது அண்ணன். தம்பி அந்தக் கையை இறுக்கிப் பிடித்தார். முறித்துப்போடத்தான் பிடித்தேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். ஆனால் பிடித்த பிறகு முறிக்க முடியவில்லை, விடவும் முடியவில்லை.

“என்னண்ணா?” என்றார் அத்தை.

“பிடிச்சுட்டான். விடமாட்டேங்கிறான்.”

“நீயும் விடாதே” என்று சொல்லிவிட்டு அத்தை போனை எடுத்தார். தம்பி மனைவி அந்தப் பக்கம், “இவரும் விடமாட்டேங்கிறாரு அண்ணி, என்ன பண்றது? நாங்க ரயில் ஏறிடுறோம்” என்றாள்.

அப்படித்தான் தம்பி குடும்பம் கிளம்பியது. மனைவி பெட்டியைத் தூக்கினாள், முயல் தன் துணி வாத்தைத் தூக்கினான், தம்பி கோட்டையும் கோட்டிலிருந்து நீண்ட கையையும் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பெட்டியில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். டிக்கெட் பரிசோதகர் மட்டும், “இந்தக் கைக்கு டிக்கெட் இருக்கா?” என்றார். “பயணம் பண்றவங்களுக்குத்தான் டிக்கெட். இது இன்னும் வீட்டைவிட்டே கிளம்பல” என்றார் தம்பி. அதே தொழிலில் இருக்கிறவர் சொன்னதால் பரிசோதகர் ஒத்துக்கொண்டார். இங்கே அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கோட்டோடு, விரலில் தெரிந்ததையெல்லாம் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “பாலத்துல போறான், தடதடங்குது.” சாப்பாட்டை மனைவி ஊட்டிவிட்டாள். நடுவில், “தூங்கிட்டான், பிடி தளர்ந்துடுச்சு” என்றார். அதன் பிறகு பிடித்துக்கொண்டிருந்தது அவர்.

விடிந்தும் ரயில் வரவில்லை. அன்றும் தாமதம். அண்ணன் வாசலில் போய் நின்றார். உள்ளே கடிகாரங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மணி அடித்தன, மறுபடியும் அடித்தன. அவர் கடை திறக்கும் நேரம் தவறியது எங்கள் தெருவில் அன்றுதான் முதல் தடவை.

“கை மரத்துப் போயிருக்கும்ணா. எடுத்துட்டு உள்ள வந்து உக்காரு. வந்தா தெரியாமயா போகும்?” என்றார் அத்தை.

“ஒரு தடவ காத்திருக்காம விட்டேன்” என்றார் அண்ணன். அத்தையும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

வெயில் ஏறிய பிறகு தம்பி தெரு முனையில் திரும்பினார். இருவரும் எதிரெதிரே வந்து நின்றார்கள். நரை விழுந்த இரண்டு ஆண்கள், ஆளுக்கொரு பச்சைக் குழந்தைக் கோட்டோடு. முதலில் யார் கையை விடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

“ரயில் லேட்டு” என்றார் தம்பி.

“பரவால்ல” என்றார் அண்ணன். “இருந்தேன்ல.”

பிறகு இருவரும் அழுதார்கள். தெருவே பார்க்கிறதே என்ற கூச்சம்கூட இல்லை. அத்தை மட்டும் அழவில்லை. இத்தனை வருஷம் இரண்டு பேருக்காகவும் அழுது முடித்திருந்தார். வாயாடி முயலை மேலும் கீழும் பார்த்தாள். “இவ்வளவு குட்டையா இருக்கே?” என்றாள். முயல் கால்சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினான்.

கோட்டுகள் அவர்களுக்குச் சின்னதாகிவிட்டன. இரண்டு வீட்டிலும் அடுத்துப் பிறந்தவர்கள் இப்போது போட்டுக்கொள்கிறார்கள். முழங்கை தேய்ந்த இடத்தில் அத்தை பஸ் சீட்டுத் துணியை வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார். பைகளின் அடியைத் தொடவில்லை. கடிகாரக்காரர் வீட்டில் உப்பு தீர்ந்துபோனால் கடைக்கு ஓடுவதில்லை, ஆணியில் தொங்கும் கோட்டுக்குள் கையை விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை துறைமுக ஊரில் துவைக்கும் நாள் என்பதால், அன்று மட்டும் கோட்டுக்கு அடியில் ஒரு வாளி வைத்திருக்கும்.