சொன்னவர் வேலை போகாது

விமான நிலையத்தில் தரைப்பணி மேனேஜர் என்றால், மேலே இருப்பவரும் திட்டுவார், பயணியும் திட்டுவார். அதற்கெல்லாம் அவளுக்குத் தோல் தடித்துப் போயிருந்தது. ஆனால் அன்றைக்கு நடந்தது அந்தத் தோலையும் தாண்டித் தைத்தது.

காலையில் படிக்கட்டு வண்டி ஒரு விமானத்தின் கதவோரம் இடித்துவிட்டது. ஓட்டியவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அக்கா, நான்தான் இடிச்சேன். பாக்காம ஃபிளைட்டைக் கிளப்பிடாதீங்க."

ஒவ்வொரு ஷிப்ட்டிலும் அவள் தொண்டை கிழியச் சொல்வது இதைத்தான்: இடித்தால் மறைக்காதீர்கள், சொன்னவர் வேலை போகாது, அதற்கு நான் பொறுப்பு. விமானத்தை நிறுத்திப் பார்த்ததில் தகடு விரிசல் விட்டிருந்தது. மத்தியானத்துக்குள் டைரக்டர் அந்த ஓட்டுநரை வேலையை விட்டே தூக்கிவிட்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓட்டுநர் அடையாள அட்டையை அவள் மேசையில் வைத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார்.

அந்தச் சூட்டோடு அவளை உட்கார வைத்தது, மேனேஜர்களின் பணித் திருப்திக் கூட்டத்தில். சுவரெல்லாம் பலூன், மேசை நிறைய கேக். வெட்கமே இல்லை.

"வேலையில திருப்தி பத்துக்கு எத்தனை?" என்று டைரக்டர் ஒவ்வொருவராகக் கேட்டுவந்தார். ஒன்பது, ஒன்பது என்று எல்லோரும் ஜால்ரா தட்டினார்கள். அவள் முறை வந்தது.

"நான் குடுத்த வாக்கைக் காத்துல பறக்க விட்டுட்டு, திருப்தியான்னு வேற கேக்குறீங்களா சார்?"

"அது வேற, இது வேறம்மா. கேக் எடுத்துக்குங்க."

அவள் வாய் திறப்பதற்குள் வாக்கிடாக்கி அலறியது. கிளம்பவிருந்த இன்னொரு விமானத்தின் அடிப்பக்கம் புதிதாக ஒரு பள்ளம். சுற்றிப் பார்க்க இறங்கிய பைலட் கண்ணில் பட்டிருக்கிறது. யார் இடித்தது என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லையாம்.

"சின்னப் பள்ளமாத்தான் இருக்கும்," என்றார் டைரக்டர்.

"சின்னதா பெருசான்னு வந்து சொல்ற ஆளைத்தானே வீட்டுக்கு அனுப்பிட்டீங்க? இனி எவன் சொல்லுவான்?" அவள் வாக்கிடாக்கியை எடுத்தாள். "எந்த விமானமும் கிளம்பக் கூடாது. ஒவ்வொண்ணா சுத்திப் பாருங்க."

டைரக்டர் துள்ளி எழுந்தார். "என்ன பண்றீங்க? இதுக்கு யார் பொறுப்பு?"

"நான்தான். ஷிப்ட் ஆளுங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்."

பையில் போட்டு எடுத்து வந்திருந்த ஓட்டுநரின் அடையாள அட்டையைக் கேக்குக்குப் பக்கத்தில் பட்டென்று வைத்தாள்.

"இது அவர் கழுத்துக்குத் திரும்பப் போகட்டும். அப்புறம் கேளுங்க, பத்துக்கு எத்தனைன்னு."