டவர் பாறையில் ஒரு வழித்துணை

சென்னைக்குச் சுற்றிப் பார்க்கப் போனவள் என் மனைவி. கால் ஓய்ந்து, இடுப்பு ஓய்ந்து, கடைசியில் வாயும் ஓய்ந்துபோனவன் கொல்லிமலையை விட்டு இறங்காத நான்.

மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் ஊருக்குள் போன் எடுக்காது. ஊருக்கு மேலே, பஸ் திரும்புகிற வளைவை ஒட்டி ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் போனில் இரண்டு கோடு வரும். டவர் பாறை என்போம். மிளகு விலை, சம்பந்திச் சண்டை, பெண் பார்க்கிற பேச்சு எல்லாம் அங்கேதான். பாறையில் பேசியது பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

என் மனைவி பானுமதி அங்கன்வாடி டீச்சர். ஒருநாள் எனக்குச் சோறு போட்டுவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, எங்கிட்ட யாரும் எதையும் கேக்காத எடத்துல ரெண்டு நாள் இருக்கோணும்."

"அப்படி எடம் எங்க இருக்குது?"

"பாத்தீங்களா, நீங்களே கேக்கறீங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. பிள்ளைகள் முட்டை கேட்கும். தாய்மார்கள் எடை கேட்பார்கள். மேலதிகாரிகள் போட்டோ கேட்பார்கள். வீட்டுக்கு வந்தால் நான். என் சட்டை எங்கே, தீப்பெட்டி எங்கே, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா. என் வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இருப்பது என் வீடு என்பது மட்டும் தெரியும்.

"கடல் பாக்கோணும்" என்றாள். சரி, நானும் வருகிறேன் என்று சொல்லி அவளுக்கு ஒரு பெரிய போன் வாங்கிக் கொடுத்தேன். "இது ஒண்ணு கையில இருந்தாப் போதும் புள்ள. டிக்கெட்டு, ரூமு, வழி, காரு, கேமரா, காசு, எல்லாம் இதுக்குள்ள. யாரையும் எதுவும் கேக்க வேண்டியதில்ல. உன்னையும் யாரும் கேக்க மாட்டாங்க." கைபேசி எண் கேட்ட இடத்திலெல்லாம் என் எண்ணையே போட்டேன். குடும்பத் தலைவன் இல்லையா. என்னிடம் இருப்பதோ பொத்தான் தேய்ந்துபோன பழைய போன்.

கிளம்புகிற அன்று காலையில் மரவள்ளி மூட்டையைத் தூக்கினேன். அது எழுந்தது, நான் எழவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. இனி அவளும் போகமாட்டாள் என்று நினைத்துக் கொஞ்சம் அதிகமாகவே முனகினேன். அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், சோறு ஆக்கி மூடினாள், பையைத் தோளில் போட்டாள். மேலே பஸ் ஹாரன் அடித்தது.

"தைலத்த எடுத்து..." என்று அவள் சொன்னதில் மீதியை ஹாரன் தின்றுவிட்டது. "வாரேனுங்க!"

போய்விட்டாள்.

மறுநாள் காலையில் இடுப்பில் ஒரு கையும் கோலில் ஒரு கையுமாகப் பாறை ஏறினேன். உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் அழைத்தாள்.

"ஏனுங்க, காருக்குக் காசு கட்டறதுக்கு உங்க நம்பருக்கு ஏதோ ஓடிபி வருதாம். சொல்லுங்க."

சொன்னேன். என் கண்ணை நம்பாமல் பக்கத்தில் இருந்த கருப்பண்ணன் எட்டிப் பார்த்து, அதையே பள்ளத்தாக்குக்கே கேட்கும்படி இன்னொரு முறை கத்தினான். அவன் என் பங்காளி. வேலை இல்லாத நாளில் பாறையில்தான் குடியிருப்பான்.

அடுத்து மியூசியம் டிக்கெட்டு. அதற்கும் ஓடிபி. அப்புறம் ஏதோ ஒரு ஆப் அவளை வெளியே தள்ளிவிட்டு, மறுபடி உள்ளே வர என்னிடம் அனுமதி வாங்கிவரச் சொன்னது.

"பாறைய விட்டு எறங்கிராதீங்க" என்றாள். இறங்குவதற்கு இடுப்பும் சம்மதிக்கவில்லை. கருப்பண்ணன் வளைவில் இருந்த டீக்கடையில் பன் வாங்கி வந்து கொடுத்தான்.

"என்ன பங்காளி, சென்னை எப்படி இருக்குது?"

"கல்லு சுடுதுடா."

நடுவில் ஒருமுறை அவள் சிரித்துக்கொண்டே பேசினாள். "இதுக்குள்ள ஒரு பொண்ணு வழி சொல்றாளுங்க. நான் தப்பாத் திரும்பினா கோவிக்கறதே இல்ல. பொறுமையா வேற வழி சொல்றா. நீங்க ஒரு நாளாச்சும் அப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

மதியத்துக்கு மேல் அவளிடமிருந்து பேச்சே இல்லை. பிறகு தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். போன வருஷம் பேங்க்காரர்கள் நடத்திய முகாமுக்குப் போய்வந்தேன். யாரிடமும் ஓடிபி சொல்லாதே, குரலைக்கூடப் போலியாகச் செய்து பேசுவார்கள் என்று கேட்டு வந்ததை ஊரில் ஒவ்வொருவர் காதிலும் ஊற்றினேன். என் பேச்சை நம்பி, கல்யாணத்துக்கு அழைத்த சொந்த மச்சினனின் போனைக்கூடக் கருப்பண்ணன் எடுக்கவில்லை. அந்த விருந்து போன வருத்தம் அவனுக்கு இன்னும் தீரவில்லை.

"சார், லாட்ஜ்லேர்ந்து பேசறேன். உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

இந்த நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். "ஏண்டா, ஒழச்சுத் திங்க ஒடம்பு வலிக்குதா?" என்று கேட்டுவிட்டு அணைத்தேன். கருப்பண்ணன் தோளில் தட்டிக்கொடுத்தான்.

மறுபடி அதே எண். இந்தமுறை பெண்குரல். "ஏனுங்க, நாந்தானுங்க. போனு சார்ஜு எறங்கிச் செத்துப்போச்சு. ரூமு போட்டதக் காட்ட முடியல. உங்க நம்பருக்கு வந்ததச் சொன்னாத்தான் சாவி தருவாங்களாம்."

பானுமதியின் குரல்தான். ஆனால் முகாமில் அதைத்தானே சொன்னார்கள்? நான் விழித்துக்கொண்டேன்.

"நீ பானுன்னா சொல்லு. நம்ம செவலைக்கு எந்தப் பக்கக் கொம்பு ஒடஞ்சிருக்குது?"



"யாரும் எதையும் கேக்காம ரெண்டு நாள் இருக்கோணும்னுதான இத்தன தூரம் வந்தேன். நீங்க இங்கயும் வந்து மாட்டுக் கொம்பக் கேக்கறீங்களே!"

சொல்லும்போதே குரல் உடைந்தது. இதைச் செய்ய எந்த மிஷினாலும் முடியாது. அவசரமாகத் தேடி எடுத்து எண்களைச் சொன்னேன். அது காலாவதி ஆகிவிட்டது என்றான் லாட்ஜ்காரன். வேறொன்று அனுப்புகிறேன் என்றான். அந்த நேரம் பார்த்து மலையில் கரண்ட் போனது. கூடவே டவரும் போனது.

அப்புறம் உட்கார்ந்திருந்தேன். மஞ்சுமூட்டம் இறங்கி வளைவை மூடியது. டிக்கெட்டு, வழி, காசு, புருஷன் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன். டப்பா மூடிக்கொண்டது. "கையில காசெல்லாம் எதுக்கு?" என்று வேறு பெருமையாகச் சொல்லியிருந்தேன். ஏதோ ஒரு மேசை முன்னால் பையோடு அவள் நின்றுகொண்டிருப்பது என் கண்ணிலேயே இருந்தது. கடல்கூடப் பார்க்காமல் திரும்பி வந்துவிடுவாளோ?

"ஊட்டுக்கு வா பங்காளி. இடுப்பு இன்னும் புடிச்சுக்கும்."

"நீ போடா."

அவன் போகவில்லை. துண்டை எடுத்து என் தோளில் போர்த்திவிட்டு, கேலி எதுவும் பேசாமல் உட்கார்ந்தான். கருப்பண்ணன் கேலி பேசாவிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

பொழுது சாயும்போது கரண்ட் வந்தது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வேறொரு தெரியாத எண். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"நாந்தானுங்க." குரல் நிதானமாக இருந்தது, தூங்கி எழுந்த குரல். "எதுத்தாப்பல ஒரு அம்மா லாட்ஜு வச்சிருக்காங்க. பேரு கேட்டாங்க, ஊரு கேட்டாங்க, சாவியக் குடுத்துட்டாங்க. அவங்க போனுதான் இது."

"காசு?"

"பையோட அடித் துணிக்குள்ள வச்சுத் தச்சிருந்தேன். உங்ககிட்டச் சொன்னா வேண்டாம்பீங்க."

"கடலு?"

"பாத்தேன். பூக்காரம்மா வழி சொன்னா. போட்டோ ஒண்ணும் எடுக்கல. பையத் தலைக்கு வச்சு மணல்லயே தூங்கிட்டேன். ஒரு நாயி பக்கத்துல வந்து படுத்துச்சு. அதுவும் எதையும் கேக்கல."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"என் போனச் சார்ஜுல போட்டுட்டேன். ஆனா தொறக்கமாட்டேன். நாளைக்கும் கடலுக்குத்தான். அங்க எல்லாம் சரிதானுங்களா? ஏதாச்சும் கேக்கோணுமா?"

கேட்பதற்கு இருந்தது. தைலம் எங்கே? தீப்பெட்டி எங்கே? செவலைக்குத் தவிடு எவ்வளவு? கருப்பண்ணன் முழங்கையால் இடித்தான். "தைலத்தக் கேளு, தைலத்தக் கேளு!"

"ஒண்ணுமில்ல புள்ள. நீ தூங்கு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

கருப்பண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். "ஒரு வார்த்த கேட்டிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். வீட்டில் அரிசிப் பானையைத் திறந்து பார்த்தோம், சாமி அலமாரியைப் பார்த்தோம், பரணில் அவன் ஏறிப் பார்த்தான். தைலம் அகப்படவில்லை. நல்லெண்ணெயைத் தடவிக்கொண்டு குப்புறப் படுத்தேன்.