முதுகில் கறையானைச் சுமக்கும் வண்டு

1

இந்தக் கதை ஒரு கண்ணாடிக் குப்பியில் தொடங்கியது. பூச்சி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி, புற்றிலிருந்து எடுத்த கறையான்களைத் தரம்பிரிக்கும்போது, அவற்றில் ஒன்று கறையானே இல்லை என்று கண்டாளாம். யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது.

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு..." (வேண்டாம். எதுவும் தோன்றாவிட்டால் மழையைப் பெய்ய வைத்துவிடுகிறேன்.)

2

அவள் இரண்டையும் ஒப்பிட்டாள். கறையான் வெளிறியது, கண்ணில்லாதது. மற்றது குட்டை இறக்கை வண்டு. அதன் வயிறு ஊதி, முதுகின்மேல் மடிந்து, அசல் கறையான் உருவமாகவே வளர்ந்திருந்தது. கால்கள் மாதிரி முளைகள்கூட உண்டு. இருட்டில் தடவிப் பார்க்கும் கறையான் நம்மாள்தான் என்று நம்பி, வாயோடு வாய் வைத்து ஊட்டிவிடும்.

அவள் குப்பியை மூடி ஓரமாக வைத்தாள். அவள் இரண்டாம் தாரம். கணவனின் மகளுக்குச் சித்தி. அந்த மகளின் இறந்துபோன அம்மா புகைப்படத்தைப் பார்த்து, தனக்கும் அதேபோல் வகிடெடுக்கிறாள். அந்த அம்மா எப்படிச் செய்வாள் என்று கணவனிடம் கேட்டுக் கேட்டு, ரொட்டி ஓரத்தைப் பிய்த்துவிட்டு ஊட்டுவதுவரை கற்றுவைத்திருக்கிறாள்.

(அன்பா, பயமா? இங்கே எனக்கு அவள்மீது சந்தேகம் வந்தது. கேட்டால் அவளுக்கே தெரியாதாம். நல்ல ஆளைப் பிடித்தேன்.)

3

மகளுக்குக் காய்ச்சல். கட்டிலோரம் உட்கார்ந்து, ஓரம் பிய்த்த ரொட்டியைப் பாலில் நனைத்தபடி சித்தி அந்த வண்டைப் பற்றிச் சொன்னாள். ஏன் சொன்னாள்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"ஏமாத்துதுன்னு அந்தக் கறையானுக்குத் தெரியாதா?"

"அதுக்குக் கண்ணு கிடையாதும்மா."

மகள் அவளையே பார்த்தாள்.

"எனக்கு இருக்கு சித்தி. அப்பா உங்ககிட்ட தப்பா சொல்லியிருக்காரு. அம்மா ஓரத்தைப் பிய்ச்சதே இல்ல."

4

முடிவு ஒன்று: மகள் ரொட்டியை வாங்கிக்கொள்ள வாயைத் திறந்தாள். (அதற்குள்ளாகவா? எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து... எழுதி அடித்துவிட்டேன். மனசு கேட்கவில்லை.

மகள் அதை எந்தக் குரலில் சொன்னாள் என்று நான் எழுதவில்லை. ஒளிக்கவில்லை, எனக்குத் தெரியாது. குத்திக்காட்டினாளா? இல்லை, இனி இதெல்லாம் வேண்டாம், நீங்க நீங்களாவே ஊட்டுங்க என்றாளா?

சித்தியின் கை நீட்டியபடி நிற்கிறது. பால் முழங்கைவரை வழிந்துவிட்டது. மேற்கொண்டு எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், ரொட்டி ஊறி உதிரப் போகிறது.