வெங்காயம் உரிக்கும் முறை

கிட்ட வந்து இருங்கோ, என் செல்லங்களே. மொன்றியலில் வெங்காயத்தால் பழி தீர்த்த ஒருத்தியின் கதையைச் சொல்லப்போகிறேன்.

பியர்பொன்ட்ஸில் இருக்கும் கஜந்தினி போன வருட வேட்டையில் மானைத் தவறவிட்டாள். அவர்கள் குடும்பத்தில், குறி தவறியவர்தான் இறைச்சிக் கறிக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். அக்காவின் கணவன் வினோஜன் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, "உனக்கேன் பிள்ளை துவக்கு? கத்திதான் பொருத்தம்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அவள் துவக்கில் அவன் சும்மா கொடுத்த பழைய மவுண்ட் ஆடிக்கொண்டிருந்தது. குறி பார்க்கிற கண்ணாடியான ஸ்கோப்பைத் துவக்கோடு இறுக்கிப் பிடிக்க வேண்டிய சாமானே அதுதான். அன்றிலிருந்து அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

இந்த வருடம் புரோசார்டில் உள்ள வேட்டைச் சாமான் கடையில் வினோஜன் பளபளக்கும் பெரிய ஸ்கோப்பை வாங்கினான்; மவுண்டுக்கு மட்டும் கை சுருங்கி, இருந்ததிலேயே மலிவானதை எடுத்தான். கஜந்தினி விலை குறைந்த சாதாரண ஸ்கோப்பையும், கனமான இரும்பு மவுண்டையும் எடுத்தாள்.

"என்ன, மலிவானதோ?"

"ஓம் அத்தான். என்ரை தரத்துக்கு இது காணும்."

அவனுடைய மவுண்டைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

காட்டில் வினோஜன் முதலில் சுட்டான்; மவுண்ட் ஆடிக் குறி தவறியது. மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. அடுத்த வெடி கஜந்தினியுடையது. மான் விழுந்தது.

அன்று மாலை வெங்காயக் கூடையை அவன் மடியில் வைத்துவிட்டு, அவளும் பக்கத்தில் கதிரையைப் போட்டாள்.

"உரியுங்கோ அத்தான். கண்ணீர் வந்தாலும் ஒருத்தரும் பிழையா நினைக்க மாட்டினம்."

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும், செல்லங்களே. உங்கள் வீட்டார் கண்ணில் வெங்காயத்தால் மட்டுமே நீர் வரட்டும்.