கைமாற்றிய கல்

"நான் அங்கேயே தங்கிடலாம்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போ. அங்க வெளிச்சம் கம்மி."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

"பேட்டரி புதுசு."

மூன்று வருடமாகியும் அந்த நாலு வரி மெக்கானிக்கின் காதை விட்டுப் போகவில்லை. அன்று அவர் வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். கிரீஸ் போன பிறகும் சோப்புத்தூளைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தால் அழுதுவிடுவோமோ என்று பயம். நிமிர்ந்தபோது மனைவி தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

பதினோரு நாள் மட்டும் இருந்துவிட்டுப் போன குழந்தைக்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சே குறைந்துபோயிருந்தது. காலையிலிருந்து இருட்டும் வரை அவர் லாரிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தார். இரும்புக் குழாயை வளைத்து அவர் செய்திருந்த தொட்டில், பட்டறையின் பின்மூலையில் தார்ப்பாய்க்குள் நின்றது. அவள் பட்டறைக்குப் பின்னால் இருந்த பசுமைக் குடியிருப்புக்கு நாற்று நடப் போனாள். சூரிய மின்சாரம், மண் வீடு, பொதுச் சமையல் என்று நாற்பது பேர் சேர்ந்து வாழும் இடம். ஊருக்கு அவர்கள் 'மண்வீட்டுக்காரங்க'. அங்கே யாரோ அவளிடம் குழந்தையின் பெயரைக் கேட்டார்களாம். வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுப்பதில்லை.

இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு கம்பி வேலிதான். காலை ஆறு மணிக்கு அவள் நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வருவாள். ஐந்தே முக்காலுக்கெல்லாம் மெக்கானிக் ஷட்டரைத் தூக்கிவிடுவார். எந்த லாரிக்காரன் தூக்கத்தில் ஓட்டிக்கொண்டு வருகிறான் என்று பக்கத்துப் பஞ்சர்கடைக்காரர் கேலி செய்வார்.

போன மழையில் பட்டறையின் கழிவு எண்ணெய் வேலி தாண்டி ஓடி, அவள் வளர்த்த நாற்றெல்லாம் கருகிப்போனது. சண்டை முற்றியதில், ஊரும் குடியிருப்பும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது என்று ஏற்பாடானது. நடத்தியவர் அங்கே வசிக்கும் ஓய்வுபெற்ற பல் டாக்டர். "கிளினிக்லயும் வாயைத் தொறங்கன்னாரு, இங்கயும் அதையேதான் சொல்றாரு," என்பார் பஞ்சர்கடைக்காரர். ஒரு கூழாங்கல் வட்டமாகச் சுற்றி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். மெக்கானிக் ஒருமுறைகூடப் பேசியதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி அடுத்தவரிடம் தள்ளிவிடுவார்.

போன கூட்டத்தில், வேலியை எடுத்துவிட்டு ஆள் உயரத்துக்கு மேல் மண் சுவர் எழுப்பலாம் என்று பேச்சு வந்தது. அப்போதும் கல்லைத் தள்ளினார். அடுத்த கூட்டத்துக்கு முந்தின திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கினால் வேலியோரம் நீளமாகச் சுண்ணாம்புக் கோடு.

பேசாமல் கல்லைக் கொடுத்தால் சம்மதம் என்பது குடியிருப்பின் வழக்கம். ஊரில் ஒருவன் பேசாமல் இருந்தால், அவனுக்குப் பிடிக்கவில்லை, சண்டைக்கு மட்டும் வரவில்லை என்று அர்த்தம். இதை இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் ஒருவர் மறுத்தாலும் வேலை நிற்குமாம். ஆனால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதற்குப் பதில் என்ன வேண்டும் என்றும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பஞ்சர்கடைக்காரர் காரணம் தயார் செய்து கொடுத்தார்: சுவர் வந்தால் லாரி திருப்ப இடமிருக்காது. மெக்கானிக் அதை இரண்டு நாள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை கை கழுவிவிட்டுக் கூட்டத்துக்குப் போனார். வட்டத்தில் அவருக்கு எதிரே மனைவி மடியில் நோட்டை வைத்து, பேசுவதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தாள். கல் வந்தது.

"லாரி திருப்ப இடம் பத்தாது," என்றார்.

டாக்டர் தலையாட்டினார். அவள் எழுதவில்லை. கல் இல்லாமல் பேசக்கூடாது என்ற விதியை, குடியிருப்புக்கு வந்த மூன்று வருடத்தில் முதல்முறையாக மீறினாள்.

"அந்தப் பக்கம் லாரியே வராதே. தொட்டில்தானே அங்க நிக்குது."

பஞ்சர்கடைக்காரர் தரையைப் பார்த்தார். அடுத்து உட்கார்ந்திருந்தவர் பழக்கதோஷத்தில் கல்லுக்குக் கை நீட்டினார். மெக்கானிக் கொடுக்கவில்லை. எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. இரண்டு கையாலும் கல்லை மூடிக்கொண்டார்.

"காலைல நீ தண்ணி ஊத்தறதைப் பாக்கத்தான் ஷட்டரைத் தூக்கறேன். அது போதும்னு இருந்தேன்." கைக்குள் கல்லை உருட்டினார். யாரும் அவசரப்படுத்தவில்லை. "போதலை. போகாதேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும், எனக்குச் சொல்லத் தெரியலை. வீட்டுக்கு வந்துடும்மா."