ராசா அசையக்கூடாது

இரத்தினேஸ்வரி சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது படலைக்கு வெளியே யாரோ செருமுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அபூதாஹிர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். துறைமுகத் தொழிலாளர் உதைபந்தாட்ட அணியில் பத்து வருஷம் கோல் காத்தவர். அவளுடைய புருஷன் கதிரவேலுக்கு உயிர்ச் சிநேகிதர்.

"அவன் நிக்கிறானோ தங்கச்சி?"

"விடியவே போயிட்டார் நானா. அரிதாரம் பூசி ராசா உடுப்புக் கட்ட மூண்டு மணித்தியாலம் செல்லுமாம்."

"நல்லதாப் போச்சு," என்றார் அவர். ஆனால் முகத்தில் நல்லது எதுவும் தெரியவில்லை. "இண்டைக்குக் கூத்துக்க பந்து உருட்டப் போறாங்களாம்."

அவளுக்கு விளங்கவில்லை.

"பழைய ராசா யோகலிங்கத்தின்ர ஆக்கள். ராசா மகனுக்காக அழாமல் நிக்கிற இடத்தில ஆடுற களரிக்க பந்தை உருட்டி விடுறதாம். கதிரவேல் உதைப்பான், சனம் சிரிக்கும். நேத்துத் தேத்தண்ணிக் கடையில பந்தயமும் கட்டிப் போட்டாங்கள்."

இரத்தினேஸ்வரி அகப்பையைக் கீழே வைத்தாள். "நான் போய் அவருக்குச் சொல்லிப்போட்டு வாறன்."

"ஐயோ, சொல்லிப் போடாதேங்கோ. சொன்னா அவன் முழு நேரமும் பந்தைத்தான் தேடிக்கொண்டு நிப்பான். பிறகு ராசாவும் இல்லை, ஒண்டும் இல்லை. அவங்கள் மேற்குப் பக்கம்தான் இருப்பாங்கள். நான் அதில நிண்டு பார்க்கிறன். எத்தனை பந்தைப் பிடிச்சனான், இதைப் பிடிக்க ஏலாதோ?"

சைக்கிள் மணியை ஒரு தடவை காரணமில்லாமல் அடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

கதிரவேல் சல்லிக் கிராமத்தில் கரைவலை இழுக்கிற குடும்பத்தில் பிறந்தவன். பதினெட்டு வயதில் கடற்கரை மணலில் அவன் பந்தடிப்பதைத் துறைமுகத்துத் துரை ஒருவர் குதிரையில் இருந்தபடி பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை அவன் பெயர் கப்பல்களுக்கு நிறம் பூசுகிறவர்களின் பட்டியலில் ஏறியது. பன்னிரண்டு வருஷத்தில் அவன் ஒரு நாளும் தூரிகையைத் தொட்டதில்லை. விளையாடுவதுதான் அவன் உத்தியோகம். சப்பாத்துப் போட்ட கப்பற்படைக்காரருக்கு எதிராக வெறுங்காலோடு ஓடுவான். இடது காலால் அடித்தால் பந்து வளைந்து போய்க் கோலுக்குள் விழும். அதனால் 'லெஃப்ட் கதிரவேல்' என்ற பெயர் கொழும்புப் பத்திரிகை வரைக்கும் போனது. அந்தப் படத்தை இரத்தினேஸ்வரி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள்.

போன வருஷம் சித்திரையில் யப்பான்காரன் குண்டு போட்டான். காலை ஏழு மணிக்கு விமானங்கள் வந்தன. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை நாட்கணக்கில் ஊரின் மேல் நின்றது. துறைமுகத்துக் கொட்டில் ஒன்றின் கூரையைத் தாங்கிய இரும்பு வளை கதிரவேலின் இடது முழங்காலில் விழுந்தது. காலை எடுக்கவில்லை, காப்பாற்றிவிட்டோம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆனால் அது மடியவில்லை. துடுப்பைக் கட்டிவிட்டதுபோல நீட்டினபடி நின்றது. பட்டியலில் இருந்து பெயரை வெட்டினார்கள். அவன் வீட்டுக் கதிரையில் காலைப் பலகைமேல் போட்டுக்கொண்டு எட்டு மாதம் இருந்தான். ஒருவரும் வந்து பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. வந்தார்கள். காலைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

அதன் பிறகுதான் சிவகுரு அண்ணாவியார் வந்தார். அவர் கூத்துப் பழக்குகிறவர். அவருடைய கூத்தில் பன்னிரண்டு வருஷமாக ராசாவாக ஆடிய யோகலிங்கம், குண்டு விழுந்த அன்றே குடும்பத்தோடு மட்டக்களப்புக்கு ஓடியிருந்தான். ராசா இல்லாமல் கூத்து நின்றுபோனது. "நீ ஒரு கோலடியில நிண்டு 'இஞ்ச விடு' எண்டு கத்தினா மற்றக் கோலடிக்குக் கேக்கும் தம்பி. எனக்கு அந்தத் தொண்டை வேணும்," என்றார் அண்ணாவியார்.

"காலில்லாத ராசாவோ?" என்றான் கதிரவேல்.

"ஆடுறதுக்குச் சேனாதிபதி இருக்கிறான். ராசா நிண்டாக் காணும்."

இரத்தினேஸ்வரி பாட்டுகளைக் கொப்பியில் எழுதி, அவனுக்குத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினாள். பாட்டு வந்தது. குரல் வந்தது. நிற்பதுதான் வரவில்லை. ஓடியே பழகிய உடம்பு. கூத்துடுப்புக் கட்டாமல் முழுக் கூத்தையும் ஆடிப்பார்த்த அன்று, பூசைத் தட்டத்தில் இருந்து ஒரு தேசிக்காய் உருண்டது. அவன் பாட்டில் இருந்தான். இடது கால் தன்பாட்டில் போய் அதை மறித்துப் பிடித்தது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்போது யோகலிங்கம் ஊருக்குத் திரும்பி வந்திருந்தான்.

"காலால பிழைச்சவனுக்குத் தலையில ராசமுடி எதுக்கு அண்ணாவியார்? அவனுக்கு ஒரு விசில்காரனைப் பிடிச்சுக் குடுங்கோ," என்றான்.

அண்ணாவியார் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு எல்லாருக்கும் முன்னால் தீர்ப்புச் சொன்னார். "அரங்கேற்றத்தில சனம் ராசாவைப் பார்த்துச் சிரிச்சா, முடி யோகலிங்கத்துக்கு. சிரிக்காட்டி மூதூர், இலங்கைத்துறை, மட்டக்களப்பு, எங்க போனாலும் கதிரவேல்தான் ராசா."

கதிரவேல் அன்று வீட்டுக்கு வந்தான். அந்தக் கதிரையைப் பார்க்கவில்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பாயில் இருந்தான். திரும்ப அதில் போய் இருந்தால் இந்த மனுஷன் இனி எழும்பமாட்டான் என்று இரத்தினேஸ்வரிக்குத் தெரிந்தது.

விடிய விடிய ஆடுகிற கூத்து அது. இருட்டடிப்புக் காலத்தில் பந்தம் கொளுத்த ஏலாது என்பதால் பட்டப்பகலில் வைத்தார்கள். ஆகாயத்தில் இருந்து பார்த்தால் கூட்டம் தெரியக்கூடாது என்று உப்புவெளித் தென்னந்தோப்பைப் பிடித்தார்கள். தலையில் விழாமல் முதல் நாளே காயெல்லாம் பறித்துவிட்டிருந்தார்கள். நடுவில் வட்டமாகக் களரி. சுற்றிவரச் சனம். மேற்கே ஆம்பிளைகள், கிழக்கே பெண்கள். வட்டக் களரி என்றால் ராசாவுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. எங்கிருந்தும் எதுவும் வரலாம்.

இரத்தினேஸ்வரி பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இடம் பிடித்தாள். மேற்கே யோகலிங்கம் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஆறேழு பேரோடு இருந்தான். அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. பின்னால் தென்னையில் சாய்ந்து அபூதாஹிர் நின்றார். கோலடியில் நிற்பதுபோலவே, இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு.

மத்தளம் அடித்தது. கதிரவேல் வந்தான். நீட்டின காலை ஒரு வீச்சு வீசி ஊன்றி, வீசி ஊன்றி வந்தான். மூன்றாவது எட்டில் அது நொண்டலாகத் தெரியவில்லை. ராசா அப்படித்தான் நடப்பார் என்று பட்டது. "லெஃப்ட்! அடி, அடி!" என்று எவனோ கத்தினான். யோகலிங்கத்தின் ஆட்கள் நாலைந்து பேர் மட்டும் சிரித்தார்கள். கதிரவேல் வாயைத் திறந்தான். அந்தக் குரல் தோப்புக்கு வெளியே தெருவில் நின்ற ஆமி லொறிவரைக்கும் போனது. சிரிப்பு அடங்கியது.

இரண்டு மணித்தியாலம் அப்படியே ஓடியது. இரத்தினேஸ்வரி ஒரு பாட்டையும் கேட்கவில்லை. யோகலிங்கத்தின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் யாரோ இடித்துக்கொண்டு வந்து இருந்தார்கள். யோகலிங்கத்தின் தமக்கை அன்னலட்சுமி. மடியில் ஒரு பனையோலைக் கடகம். மேலே சீலை போட்டு மூடியிருந்தது.

"என்ன ரத்தினம், வேர்க்குது?" என்றாள் அன்னலட்சுமி. "ராசாவின்ர பெண்சாதிக்கு விசிறி பிடிக்க ஆள் இல்லையோ?"

"கடகத்துக்க என்னக்கா?"

"உனக்கேன்? பிட்டு."

அந்தப் பிட்டு நல்ல உருண்டையாக இருந்தது. இரத்தினேஸ்வரிக்கு விளங்கிவிட்டது. மேற்கே பார்த்தாள். அபூதாஹிர் யோகலிங்கத்தின் முதுகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெண்கள் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவேமாட்டார். அது யோகலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

களரிக்குள் தூதன் ஓடி வந்து விழுந்தான். ராசா கோபத்தில் நாட்டைவிட்டுத் துரத்திய ஒரே மகன், அந்த ராசாவுக்காகவே எல்லையில் நின்று சண்டைபிடித்துச் செத்துப்போனான். தூதன் சொல்லி முடித்தான். இனி ராசா ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. பிற்பாட்டுக்காரர் நாலு அடியை நாலு தரம் பாடி முடிக்கும்வரை அசையக்கூடாது.

கதிரவேல் நின்றான்.

முதல் தரம் பாடினார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இரத்தினேஸ்வரி மெல்லக் கையை நீட்டிக் கடகத்தின் விளிம்பைப் பிடித்தாள்.

"விடடி," என்றாள் அன்னலட்சுமி பல்லுக்குள்.

"அக்கா, உங்கட காலைப் பிடிக்கிறன்."

"விடு எண்டிறன். சனம் பார்க்குது."

இரண்டாம் தரம். அவள் விடவில்லை. ஊரில் ஒரு பொம்பிளையோடும் முகம் கொடுத்துச் சண்டை பிடித்தறியாதவள், விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது விமானச் சத்தம் கேட்டது. பிற்பாட்டு ஒரு கணம் நடுங்கியது. சனம் முழுவதும் அண்ணாந்தது. எங்கட விமானமோ, அவங்கட விமானமோ? அவளும் அண்ணாந்தாள். ஓலைகளுக்கு மேலால் ஒரு நிழல் சீனன்குடாப் பக்கம் போனது. எங்கட விமானம்தான்.

தலையைக் குனிந்தபோது சீலை விலகியிருந்தது. அன்னலட்சுமியின் கையில் பந்து. அவள் அதை உருட்டிவிட, இரத்தினேஸ்வரி பாய்ந்து தட்டினாள். அவள் கை பட்டு வேகம் செத்து, பந்து மணலில் மெதுவாக, மிக மெதுவாக, ஒரு சிநேகிதன் தள்ளிவிட்டதுபோல ராசாவை நோக்கி உருண்டது.

கதிரவேலின் இடது பெருவிரல் மடிவதை அவள் கண்டாள். நித்திரையில் அவன் உதைப்பதற்கு முன் அது அப்படித்தான் மடியும். வேண்டாம், வேண்டாம் என்று அவள் உதடு அசைந்தது.

கால் தன்பாட்டில் போய்விட்டது. உள்ளங்கால் பந்தின்மேல் அமர்ந்து அதை அப்படியே நிறுத்தியது. எவ்வளவு அழகாக நிறுத்தினான் என்றால், மேற்கே ஒருவன் தன்னை மறந்து விசிலடித்தான். ராசா தலையில் முடியோடும் தோளில் புயகீர்த்தியோடும் பந்தின்மேல் கால் வைத்துக்கொண்டு நின்றார். சிரிப்பு வருவதற்கு முன் கூட்டம் மூச்சை உள்ளே இழுக்குமே, அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது. யோகலிங்கம் பாதி எழும்பியிருந்தான்.

கதிரவேல் குனிந்து தன் காலைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, தெரியாமல் எதன்மேலோ மிதித்துவிட்டவனைப் போலக் காலை வெடுக்கென்று இழுத்தான். குழந்தையைக் கால் தட்டினால், கொப்பியைக் கால் தட்டினால் எல்லாரும் என்ன செய்வார்களோ அதைச் செய்யக் குனிந்தான். கை எட்டவில்லை. முழங்கால் மடியவில்லை. அவன் நீட்டின காலோடு பக்கவாட்டில் சரிந்து, மணலில் விழுந்து, ஊர்ந்து, பந்தை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றினான்.

"என்ர காலாலயோ மகனே," என்றான். பாட்டில் இல்லாத சொல். "என்ர காலாலயோ உன்னைத் துரத்தினனான்."

பந்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்தான். பன்னிரண்டு வருஷம் கையால் பந்தைத் தொடக்கூடாது என்று வாழ்ந்தவன். "கை! கை பட்டிட்டுது!" என்று ஒருவன் பழக்கத்தில் கத்தினான். அவனுக்கு யாரோ ஓங்கி ஒரு அறை வைத்த சத்தம் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணாவியார் கண்ணைக் காட்ட, பிற்பாட்டுக்காரர் மூன்றாம் தரம் பாடினார்கள், நாலாம் தரமும் பாடினார்கள். ராசா எழும்பவில்லை. ஐந்தாம் தரமும் பாடினார்கள். பெண்கள் பக்கம் முழுவதும் அழுதது. அன்னலட்சுமி கடகத்துச் சீலையால் கண்ணைத் துடைத்தாள். இரத்தினேஸ்வரி அழவில்லை. அவன் முகத்தில் அரிதாரத்துக்குக் கீழே வேர்வை வழிகிற விதம் அவளுக்கு மட்டும் வேறாகத் தெரிந்தது. அது நடிப்பில்லை. அவனால் எழும்ப ஏலாது.

கடைசியில் சேனாதிபதியும் தூதனும் வந்து ராசாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சனம் எழும்பி நின்று வழிவிட்டது.

உடுப்புக் கட்டுகிற கொட்டிலுக்குள் பெண்கள் போவதில்லை. அவள் போனாள். கதிரவேல் பாயில் கிடந்தான். முழங்கால் வீங்கிப் பளபளத்தது. அபூதாஹிர் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"தப்பான பக்கம் நிண்டிட்டன் மச்சான்," என்றார்.

"எத்தனை தரம் அப்பிடி நிண்டனீ," என்றான் கதிரவேல். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "சனம் சிரிச்சதோ?"

"ஒருத்தன் விசிலடிச்சவன்," என்றாள்.

"அது சிரிப்பில்லை," என்றபடி அண்ணாவியார் உள்ளே வந்தார். முடியை எடுத்துச் சிவப்புத் துணியால் துடைத்து, கதிரவேலின் தலைமாட்டில் வைத்தார். "யோகலிங்கம் போயிட்டான். சரி, அது கிடக்கட்டும். மூதூரிலயும் அந்த இடத்தில நீ விழ வேணும். பந்து வேண்டாம். மகன்ர தலைப்பாகையைத் தூதன் கொண்டு வந்து காலடியில போடட்டும்."

"விழுந்தா எழும்ப ஏலாது அண்ணாவியார்."

"எழும்பச் சொன்னது ஆர்? தூக்கிறதுக்கு ரெண்டு சேவகரைப் போடுறன்."

மூதூர், இலங்கைத்துறை, மட்டக்களப்பு. ஒவ்வொரு ஊரிலும் அந்தக் கால் அப்படி மண்ணில் விழும். இரத்தினேஸ்வரி வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதிரவேலின் கண்ணில் வலி இருந்தது. வேண்டாம் என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

"நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்டான். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் ஒரு மாட்சுக்கும் அவன் அவளைக் கேட்டுப் போனதில்லை.

அவள் அண்ணாவியாரை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பாட்டை அஞ்சு தரம் பாட ஏலாது. கால் தாங்காது. ரெண்டு தரம்."

"பிள்ளை, சனம் அழ வேண்டாமோ? நாலு."

"ரெண்டு."

"சரி, மூண்டு. அதுக்குக் கீழ ஏலாது."

"ரெண்டு தரத்தில அழாத சனம் மூண்டாந்தரத்திலயும் அழாது," என்றாள் இரத்தினேஸ்வரி. அபூதாஹிர் எண்ணெய்க் கையை நிறுத்திவிட்டு அண்ணாவியாரின் முகத்தைப் பார்த்தார்.